ஒன்பதாம் பக்கம்

“...ஒரு எழுத்தாவது நானாச் சேர்த்தேனா, சொல்லுங்க. டாக்டர் எழுதினதை அப்படியே ஒட்டியிருக்கேன். பேர் இருக்கு, படிப்பு இருக்கு, எந்த நோய்க்கு டாக்டர்னுகூடப் போட்டிருக்கு. இதுல என் தப்பு எங்கேருந்து வந்தது?”

எங்கள் குடியிருப்பில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக் கூட்டம் நடக்கும். அதில்தான் அவர் இப்படிக் கேட்டார். சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, பிரசாதத்துக்குக் காத்திருக்கிறவர் முகத்தோடு கேட்டார். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாயில் எச்சில் ஊறும். ருசியில் ஊறுவது இல்லை. துப்புவதற்கு முன்னால் ஊறுமே, அது.

பெயரை எழுதப் போவதில்லை. கூட இருந்த எங்களுக்கே அவர் ‘போர்டு சார்’தான். அபிராமபுரத்தில் மூன்று மாடிக் கட்டடம் அது. அவர் இரண்டாவது மாடி, மத்திய அரசு ஆபீசில் நல்ல வேலை, எங்கள் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர். நான் தரைத்தளத்தின் பின்பக்கம் குடியிருந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டுக்கு அடியில், மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவும் சின்னப் பூட்டுமாக ஒரு பலகை மாட்டியிருக்கும். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று எழுதிப் போடுவதற்காகச் செய்த பலகை. இவர் செயலாளர் ஆனதும் அது செய்திப் பலகை ஆகிவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் பக்கத்து வீட்டுக்கு ஒரு செய்தி போக வேண்டுமென்றால் வாயால் போக வேண்டும். எங்கள் கட்டடத்தில் மட்டும் இவர் பலகை வழியாகவும் போகும்.

காலையில் ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன் பழைய ஷேவிங் பிளேடில் பாதியை வைத்துக்கொண்டு பேப்பரை வெட்டுவார். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரே இழுப்பு. கத்தரி போட மாட்டார். நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டுவார். வெட்டிய துண்டைச் சுண்டுவிரல் நகத்தால் நீவி, மைதாப் பசை தடவி ஒட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பார். கல்யாண வீட்டில் தன் பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. அதற்கப்புறம் படித்ததெல்லாம் பொட்டலக் காகிதம். ஜாக்கெட் துணியைச் சுற்றிக்கொண்டு வரும் பேப்பரைப் படிக்காமல் தூக்கிப் போட மாட்டேன். ஜனங்களுடைய பேச்சு என்றால் அதைவிட ஆசை. யாராவது ஒன்றை அழகாகச் சொல்லிவிட்டால் மிஷினை நிறுத்தி, “இன்னொரு தரம் சொல்லுங்க” என்பேன். போர்டு சாரின் பேச்சும் எனக்கு முதலில் அப்படித்தான் பிடித்துப்போனது.

“பேர் இருக்கா? படிப்பு இருக்கா?” என்பார். யார் என்ன செய்தி சொன்னாலும் அவர் கேட்கிற கேள்வி அது. பால் பாக்கெட்டில் சோப்புத் தூள் கலக்கிறார்களாம் என்று ஒருத்தி சொன்னால், “சொன்னவருக்குப் பேர் இருக்கா? படிப்பு இருக்கா?” அடுத்த நாளே பாலைப் பற்றிப் படித்த ஒரு விஞ்ஞானி எழுதின கட்டுரை பலகையில் இருக்கும். அதில் எது உண்மை, எது புரளி, வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது என்று எல்லாம் இருக்கும்.

ஒரு ஆடி மாதம் ஊரெல்லாம் ஒரு பேச்சு கிளம்பியது. அந்த வருஷம் அண்ணன் தம்பிகளுக்கு ஆகாதாம். கூடப்பிறந்தவளுக்குப் பச்சைப் புடவை எடுத்துக் கொடுத்தால்தான் தோஷம் கழியுமாம். ரங்கநாதன் தெருவில் பச்சையைத் தவிர வேறு நிறத்தைப் பிரித்துக் காட்ட ஆள் இல்லை. எனக்குக் கையில் பச்சை, மிஷினில் பச்சை, சோற்றில் கிடந்த நூலும் பச்சை. அப்போது போர்டு சார் ஒரு பேராசிரியரின் கட்டுரையை ஒட்டினார். இப்படிப்பட்ட பேச்சு எங்கே முளைக்கிறது, எப்படி ஊர் ஊராகப் போகிறது, யாருக்கு லாபம் என்று புட்டுப்புட்டு வைத்திருந்தார் அந்தப் பேராசிரியர். ஒட்டிவிட்டு நேராக என் வாசலுக்கு வந்தார்.

“ஏம்மா, உன் பிழைப்பைக் கெடுக்கறேன்னு நினைச்சுக்காதே. தெரிஞ்சு தைக்கிறது வேற, தெரியாம தைக்கிறது வேற.”

மிஷினை நிறுத்திவிட்டேன். அந்தப் பேச்சை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். பச்சைப் புடவை எடுக்க வழியில்லாமல் குமைந்துகொண்டிருந்த தம்பி ஒருவனுக்கு, என்னிடம் தைக்க வந்த அக்காக்காரி அந்தப் பலகையைக் காட்டித்தான் தைரியம் சொன்னாள். கோடையில் தண்ணீர் மாறி வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு வந்தபோதும், எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது, உப்பும் சர்க்கரையும் எப்படிக் கலக்குவது என்று ஒட்டியவர் அவர்தான். அதை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொன்னால் நானும் அவரைப் போல வெட்டி ஒட்டினவள் ஆவேன்.

கொஞ்ச காலத்தில் எல்லோருக்கும் ஒரு சௌகரியம் பழகிவிட்டது. கட்டடத்தில் பாதி வீடுகளில் அவர் வாங்குகிற அதே தமிழ்ப் பேப்பர்தான் வரும். முதல் பக்கத்தையும் சினிமா விளம்பரத்தையும் பார்த்துவிட்டு மடித்துப் போட்டுவிடுவார்கள். “முக்கியமா எதாவது இருந்தா சார் போடுவாரே.” ஆண்கள் ஷூவை மாட்டிக்கொண்டே பலகையைப் படிப்பார்கள். அவ்வளவுதான் அன்றைய படிப்பு.

பலகையில் ஒட்டாத கட்டிங்குகளும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அவை நாலாக மடிந்து கதவுக்கு அடியில் வரும். மேலே ஒரு வார்த்தை எழுதியிருக்காது. சிவப்புப் பேனாவால் சில வரிகளுக்குக் கீழே கோடு மட்டும். அந்தக் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது.

முதல் மாடியில் ஒரு புருஷன் பெண்டாட்டி, கல்யாணமாகிச் சில வருஷம், குழந்தை இல்லை. அவர்கள் கதவுக்கு அடியில் வந்தது, குழந்தையின்மைக்கு ஆண்களும் காரணமாக இருக்கலாம், இருவருமே சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு டாக்டர் எழுதினது. அந்தப் பெண் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தபோது கையைத் தூக்கியபடியே சொன்னாள்: “நல்ல கட்டுரைதான்க்கா. நானே அவருகிட்ட சொல்லணும்னு இருந்த விஷயம்தான். பதமா ஒரு நாள் சொல்லியிருப்பேன். இப்ப பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு, சாப்பிடாம திரும்பிப் படுத்துக்கறார்.”

அதோடு விட்டாரா என்றால் இல்லை. மறுநாள் காலை படிக்கட்டில், நாலு பேர் இறங்கிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெண்ணின் புருஷனைத் தோளில் தட்டி, “படிச்சீங்களா? உபயோகமா இருந்துதா?” என்று கேட்டார்.

மூன்றாவது மாடி மாமி மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கொஞ்சம் பெரிய உடம்பு. வாய் அதைவிடப் பெரியது என்று அவரே சொல்வார். “எங்காத்துக்கும் ஒண்ணு வந்துதுடி. உடம்பு எடையைக் குறைக்கறது எப்படின்னு. எழுதினவர் நன்னாத்தான் எழுதியிருக்கார், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா அதை மடிச்சுப் போட்ட கை இருக்கே, அதை நெனச்சுண்டா சாதம் தொண்டைல எறங்க மாட்டேங்கறது.”

வாட்ச்மேன் ஏகாம்பரத்துக்கு எல்லாம் தெரியும். கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு மேலே கீழே போகிறவர்களைப் பார்ப்பதுதானே அவன் வேலை. “டைலரக்கா, சார் காத்தால பிளேடை எடுத்தார்னா யார் வூட்டுக்கோ பூசை கீதுன்னு அர்த்தம்,” என்பான். “எனக்குப் பேப்பர் போட மாட்டாரு. எனக்குத்தான் கதவே கெடையாதே.”

ஒரு நாள் நானே அவரிடம் கேட்டுவிட்டேன். எதற்கு சார் இதெல்லாம், படித்தவர்கள்தானே, அவரவரே படித்துக்கொள்ள மாட்டார்களா என்று. அவர் சிரித்தார்.

“எனக்குன்னு அபிப்பிராயமே கிடையாதும்மா. நான் வெறும் குழாய். தண்ணி மேலேருந்து வருது.”

இதையும் நான் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். அழகான பேச்சுதான். வீட்டுக்குள் வந்து ஊசியில் நூல் கோக்கும்போதுதான் தோன்றியது: எந்த வீட்டு வாசலில் திறப்பது, எப்போது நிறுத்துவது என்று குழாயா முடிவு செய்கிறது?

இனிமேல் கஸ்தூரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரைத்தளத்தின் முன்பக்க வீடு அவளுடையது. புருஷன் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். இவள் வீட்டிலேயே சமைத்துக் கேரியர் சாப்பாடு அனுப்புவாள். எங்கள் கட்டடத்திலும் பக்கத்துத் தெருவிலும் தனியாக இருக்கிற பையன்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகள், வயதானவர்கள் எல்லோரும் அவளிடம்தான் சாப்பாடு. மத்தியானம் அவள் வற்றல்குழம்பு தாளிக்கும் வாசனை வந்தால் நான் மிஷினை விட்டு எழுந்துவிடுவேன். காலையில் கேரியர்களைக் கழுவி நடைபாதையில் கவிழ்த்து வைப்பாள். வழியை அடைக்கிறது என்று போர்டு சார் ஒரு தரம் சொன்னார், அவள் எடுத்துவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் வேறு சண்டை ஒன்றும் கிடையாது. ஒரு பகை இருந்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

அந்த வருஷம் அவளுக்கு இருமல் விடவே இல்லை. சாயந்தரமானால் காய்ச்சல். நான்தான் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சளியைப் பார்த்துவிட்டு டி.பி. என்றார்கள். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும், நடுவில் நிறுத்தினால் அப்புறம் எந்த மருந்தும் கேட்காது என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லி அனுப்பினார். கஸ்தூரி கேரியரை நிறுத்திவிட்டாள். கேட்டவர்களுக்கு டைஃபாய்டு என்றாள். சிவப்பு மாத்திரை போட்ட முதல் நாள் என்னிடம் ஓடி வந்து, “அக்கா, ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு ஜூஸ் கணக்கா வருது, செத்தேன்னு நினைச்சேன்,” என்று சொல்லிச் சிரித்தாள். மறுபடியும் சளியைச் சோதித்து, இனிமேல் யாருக்கும் பரவாது, சமைக்கலாம் என்று டாக்டரம்மா வாயால் சொன்ன பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தாள். விஷயம் எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும்.

குப்பைத் தொட்டியில் யார் எதைப் போடுகிறார்கள் என்று குடை நுனியால் கிளறிப் பார்ப்பது போர்டு சாருக்கு வழக்கம். செயலாளர் கடமையாம். ஏகாம்பரம்தான் வந்து சொன்னான்.

“கஸ்தூரிக்கா வூட்டுக் கவர்லேந்து மாத்திரை அட்டையைக் குத்தி எடுத்து, வெளிச்சத்துல புடிச்சுப் படிச்சார்க்கா. அப்பால குழாயாண்ட போய் சோப்பு போட்டு போட்டுக் கையக் கழுவிக்கினே இருந்தார். இன்னா மாத்திரை அது?”

அந்த வாரமே பலகையில் பெரிய கட்டிங். காசநோய் மீண்டும் நகரங்களில் பெருகுகிறது என்று நெஞ்சுநோய் நிபுணர் ஒருவர் எழுதியது. நல்ல எழுத்து. எனக்கே புரிகிற தமிழ். இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் எப்படிக் கலக்கிறது, நெருக்கமான வீடுகளில் எப்படிப் பரவுகிறது என்று எழுதியிருந்தார். அந்த வரிகளுக்கெல்லாம் சிவப்புக் கோடு. கஸ்தூரியின் பெயர் எங்கேயும் இல்லை. பெயர் எதற்கு? அவளிடம் சாப்பாடு வாங்குகிற வீடுகளின் கதவுக்கு அடியில் மட்டும் அதன் ஜெராக்ஸ் கிடந்தது. சாப்பாடு வாங்காத எனக்கு வரவில்லை, மாமிக்கு வரவில்லை.

ஒருவர்கூட அவளிடம் நேராக எதையும் சொல்லவில்லை. ஒருவர் ஊருக்குப் போகிறோம் என்றார். ஒரு வீட்டில் மாமியார் வந்துவிட்டார். ஒரு பையனுக்கு வயிறு சரியில்லாமல் போய்விட்டது. இன்னொருவர் கேட்டிலேயே கேரியரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

“குழம்பு காய்ஞ்சு ஒட்டிக்கிட்டிருக்க, அப்படியே குடுக்கற பசங்கக்கா,” என்றாள் கஸ்தூரி. “நேத்து எல்லாரும் விபூதி போட்டுத் தேய்ச்சுப் பளபளன்னு குடுத்திருக்காங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

கேரியர்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “மாத்திரையை நிறுத்திடலாம்னு இருக்குக்கா. அந்த அட்டைதானே காட்டிக் குடுத்துச்சு. கேரியர் போச்சுன்னா வாடகை எங்கே, சாப்பாடு எங்கே. வெறும் வயித்துல அந்த மாத்திரையை முழுங்கவும் முடியாது.”

நான் பலகைக்கு முன்னால் போய் நின்றேன். பொட்டலக் காகிதத்தில் எந்தச் செய்திக்கும் முடிவு இருக்காது, அதனால் எனக்கு முடிவைத் தேடுகிற புத்தி உண்டு. கட்டிங்கின் அடிப்பக்கம் ஒரு வரி கிடைமட்டமாகப் பிளந்திருந்தது. எழுத்துக்களின் தலை மட்டும் தெரிந்தது. உற்றுப் பார்த்தால், ‘9ஆம் பக்கம் பார்க்க’ என்கிற வரியின் தலைகள். பிளேடு அதன் நடுவில் ஓடியிருக்கிறது.

மூன்று மாடி ஏறி மாமி வீட்டுக்குப் போனேன். மாமி பரணிலிருந்து பழைய பேப்பர்க் கட்டை இறக்கினார். தும்மிக்கொண்டே இரண்டு பேரும் தேடி எடுத்தோம். ஒன்பதாம் பக்கத்தில், டாக்டர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருந்தார். முறையாக மாத்திரை சாப்பிட ஆரம்பித்தால் பெரும்பாலானவர்களிடமிருந்து சில வாரங்களிலேயே நோய் பரவுவது நின்றுவிடும். சாப்பாட்டின் வழியாகவோ பாத்திரத்தின் வழியாகவோ இது பரவாது. நோயாளியை ஒதுக்கி வைத்தால் அவர் வெட்கப்பட்டு மருந்தைப் பாதியில் விட்டுவிடுவார், அதுதான் ஊருக்கே ஆபத்து. ஆகவே அவரை வேலை செய்ய விடுங்கள், கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று முடித்திருந்தார்.

மாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த பேப்பர் எங்காத்துக்கும் வந்திருக்கு, பாதிப் பேர் ஆத்துக்கும் வந்திருக்கு. ஒருத்தராவது பொரட்டிப் பாக்கலையேடி. நானும்தான்.”

அன்றே மைதாப் பசை காய்ச்சி, பலகையின் கண்ணாடிக்கு வெளியே ஒன்பதாம் பக்கத்தை ஒட்டினேன். மறுநாள் காலை கண்ணாடி சுத்தமாகத் துடைத்திருந்தது. அவரே என் வாசலுக்கு வந்து, கிழியாமல் உரித்து எடுத்திருந்த பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார். “நல்ல விஷயம்தான்மா, படிச்சேன். ஆனா அசோசியேஷன் போர்டு இது. ஆளாளுக்கு ஒட்டினா சினிமா போஸ்டர் ஒட்டற சுவர் ஆயிடும்.” படித்தேன் என்று அவரே சொன்னார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. என் கையிலிருந்த பேப்பர் அவர் விரலின் எச்சிலோடு ஈரமாக இருந்தது. அதை மாமியிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“கூட்டத்துல வெச்சுக் கேட்டுடறேன்,” என்றார் மாமி.

எங்கள் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. மாதம் ஒரு வீட்டுக் காபி. அந்த மாதம் கஸ்தூரி வீட்டு முறை. அவள் உடம்பைச் சாக்குச் சொல்லி ஒதுங்கிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் கும்பகோணம் டிகாஷன் போடப் பொடி அரைத்து வாங்கி வைத்திருந்தாள்.

“நீங்க பேசறது பேசுங்கக்கா. பேச்சுல என் கேரியர் திரும்பி வராது. அவர் ஒரு வாய் குடிச்சாப் போதும். சார் குடிச்சிட்டார்னா மிச்சப் பேர் குடிச்சிருவாங்க. மாத்திரையை விடாம முழுங்கி இங்கேயே இருந்துக்கறேன். குடிக்கலைன்னா இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிடறேன்.”

அந்தக் கூட்டத்தில்தான் மாமி எழுந்து, ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டது உங்கள் கட்டிங்தான் என்றார். அதற்குத்தான் அவர் ஒரு எழுத்தாவது சேர்த்தேனா, என் தப்பு எங்கேருந்து வந்தது என்று கேட்டது.

“சேர்க்கலை, வாஸ்தவம்,” என்றார் மாமி. “சேர்த்திருந்தாக்கூடத் தேவலையே. வெட்டினதை எங்கே வெச்சேள்?”

“போர்டுல இடம் இல்லீங்க. இருக்கற இடத்துக்குத் தகுந்த மாதிரிதானே போட முடியும்?”

“இடமா சார்?” என்றான் கேட்டருகில் நின்ற ஏகாம்பரம். “ரங்கோலி கிளாஸ் நோட்டீஸ் தீவாளிலேந்து தொங்கிக்கினு கீது.”

யாரோ சிரித்தார்கள். போர்டு சாரும் சிரித்தார். பிறகு மாமியின் கையிலிருந்த ஒன்பதாம் பக்கத்துக்காகக் கையை நீட்டினார். “கொடுங்க. நானே படிக்கிறேன்.”

படித்தார். கணீரென்ற குரல் அவருக்கு. முதலில் அந்த டாக்டரின் பெயர், பிறகு அவருடைய படிப்பு, ஒவ்வொரு பட்டத்தையும் தனித்தனியாக நிறுத்திச் சொன்னார். பிறகு ஒரு வரி விடாமல் படித்தார். சாப்பாட்டின் வழியாகப் பரவாது என்கிற இடத்தில் தலையை நிமிர்த்தி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஒதுக்கி வைக்காதீர்கள் என்கிற இடத்தில் குரலைத் தணித்தார். படித்து முடித்ததும் எழுந்துபோய், சாவியைப் போட்டுப் பலகையைத் திறந்து, ரங்கோலி நோட்டீசைக் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் தன் கையாலேயே குண்டூசி குத்தி அதை மாட்டினார்.

“இதான் நிபுணர்ங்கறது. சந்தேகத்துக்கே இடமில்லாம சொல்லிட்டார். அந்தப் பொண்ணு கையால யார் வேணும்னாலும் தாராளமாச் சாப்பிடலாம். பயப்படறது அறியாமை,” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் சட்டென்று இறங்கிவிட்டது. இத்தனை நாள் ஒரு மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது.

திறந்திருந்த கதவு வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரி தட்டோடு வெளியே வந்தாள். அரக்குக் கலரில் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு. வியர்வையைத் துடைத்திருந்தாலும் மூக்கு நுனியில் மினுமினுத்தது. மாமி முதல் தம்ளரை எடுத்து முதல் வாயிலேயே பாதியைக் காலி செய்தார். நானும் குடித்தேன். எங்களைக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. மாமி நல்ல மனசுக்காரி, நான் அவளுக்குச் சிநேகிதி, நாங்கள் குடிப்போம் என்று எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு தம்ளரை எடுத்தார்கள். எடுத்தவர்கள் ஊதினார்கள், டபராவில் ஆற்றினார்கள், மறுபடி ஊதினார்கள். ஒரு உதட்டிலும் தம்ளர் படவில்லை. எல்லார் கண்ணும் ஒரே இடத்தில்.

கஸ்தூரி கடைசியாக அவர் முன்னால் போய்க் குனிந்து தட்டை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் தம்ளரை எடுத்துக்கொண்டார்.

“அடடா, வாசனையே பிரமாதமா இருக்கேம்மா,” என்றார். தம்ளரை முகத்துக்கு நேராகத் தூக்கினார். நுரையைப் பார்த்தார். கேட்டின் பக்கம் தலையைத் திருப்பினார்.

“ஏகாம்பரம், இங்கே வாப்பா. நாள் பூரா வெயில்ல நிக்கறே, இந்தா, நீ குடி,” என்று தம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.